துத்தநாகம் கரைந்தால்தான் விளக்கு எரியும்: எளிய மின்கலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சம்பழத்தில் ஆணியையும் செம்புக் கம்பியையும் செருகி எல்.இ.டி. எரிய வைப்பது பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தவறாமல் வரும் செய்முறை. எரிந்தால் சரி. எரியாவிட்டால் ஏன் எரியவில்லை என்று பிள்ளைக்கும் தெரிவதில்லை, பல நேரம் சொல்லிக்கொடுப்பவருக்கும் தெரிவதில்லை. செய்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

எலுமிச்சம்பழத்துக்குள் மின்சாரம் இருக்கிறதா?

இல்லை. பழம் இங்கே அமிலம் நிரம்பிய ஒரு பாத்திரம், அவ்வளவுதான். வினிகரோ புளிக்கரைசலோ உப்புத் தண்ணீரோ ஊற்றிய டம்ளரும் அதே வேலையைச் செய்யும். ஆற்றல் வருவது ஆணியின் மேல்பூச்சாக இருக்கும் துத்தநாகத்திலிருந்து. துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தீர்கிறது. அது தீரும் வரைதான் மின்சாரம். அடுப்பில் விறகு எரிவதுபோல இங்கே உலோகம் செலவாகிறது.

இந்தக் குழப்பம் புதியது அல்ல. இறந்த தவளையின் கால் உலோகம் பட்டுத் துடித்ததைப் பார்த்த இத்தாலிய மருத்துவர் கால்வானி, மின்சாரம் தவளையின் உடம்பிலேயே இருக்கிறது என்று 1791-இல் எழுதினார். இன்னோர் இத்தாலியரான இயற்பியலாளர் வோல்ட்டா அதை ஏற்கவில்லை. தவளையை விலக்கிவிட்டு, வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார். 1800 மார்ச் 20 தேதியிட்ட கடிதத்தில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை விவரித்தார். உலகின் முதல் மின்கல அடுக்கு அது. ஆனால் அவரும் ஓர் இடத்தில் தவறினார்: இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்வதாலேயே மின்சாரம் வருகிறது என்று நம்பினார். வேதிவினையில் கரையும் உலோகத்துக்கும் ஓடும் மின்சாரத்துக்கும் உள்ள கணக்கை 1830-களில் ஆங்கிலேய அறிவியலாளர் ஃபாரடே உறுதிப்படுத்தினார்.

உலோகம் கரைந்தால் மின்சாரம் எப்படி வரும்?

மின்கலம் கட்டும் முன் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மயில்துத்தத்தை (செம்பின் உப்பான காப்பர் சல்பேட்) கரைத்து, தேய்த்துச் சுத்தம் செய்த துத்தநாகத் துண்டு ஒன்றை அதில் விடுங்கள். சில வினாடிகளில் பளபளப்பு போய்க் கறுக்கும். பிறகு பஞ்சுபோல ஒரு பழுப்புப் படலம் வளர்ந்து, தானாகவே உதிர்ந்து அடியில் விழும். அந்தப் பழுப்புத் தூள் செம்பு. நேரம் ஆக ஆகக் கரைசலின் நீலம் வெளுக்கும், டம்ளர் லேசாகச் சூடாகும்.

நடப்பது இதுதான்: துத்தநாக அணு ஒவ்வொன்றும் 2 எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, மின்னூட்டம் கொண்ட அணுவாக, அதாவது அயனியாகக் கரைகிறது. கரைசலில் இருக்கும் செம்பு அயனி அந்த 2 எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு செம்பாகப் படிகிறது. விடுவது ஆக்சிஜனேற்றம், வாங்குவது ஒடுக்கம். கொடுப்பவரும் வாங்குபவரும் அருகருகே இருப்பதால் எலக்ட்ரான் கைமாறியதும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் போய்விடுகிறது.

இருவரையும் பிரித்து வைத்து, நடுவில் ஒரு கம்பியைக் கட்டினால்? எலக்ட்ரான் கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வழியில் ஒரு விளக்கை வைத்தால் எரியும். மின்கலம் என்பது இந்தப் பிரிப்பு வேலைதான்.

விவசாயிகளுக்கு இந்த வினை பழக்கமானது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவையைத் தயாரித்ததும் அதில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இரும்பு கரைந்து செம்பு படியும் அதே கைமாற்றம் அது.

எந்த இரண்டு உலோகத்தை எடுத்தால் எவ்வளவு வோல்ட் வரும்?

எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் ஒவ்வோர் உலோகத்துக்கும் ஓர் இடம் உண்டு. திட்ட மின்முனை அழுத்தம் என்று அதை வோல்ட்டில் அளந்து வைத்திருக்கிறார்கள்:

மெக்னீசியம் −2.37
அலுமினியம் −1.66
துத்தநாகம் −0.76
இரும்பு −0.44
ஈயம் −0.13
ஹைட்ரஜன் 0
செம்பு +0.34
வெள்ளி +0.80

இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் வோல்ட். துத்தநாகமும் செம்பும் அவரவர் உப்புக் கரைசலில் இருந்தால் 0.34 + 0.76 = 1.10 வோல்ட். ஒரே உலோகத்தில் இரண்டு துண்டுகளைச் செருகினால் ஏறக்குறைய பூஜ்யம்.

தகடு பெரியதா சிறியதா என்பது இந்த எண்ணை மாற்றாது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். விரல் அளவு தகடும் வாழையிலை அளவு தகடும் ஒரே வோல்ட்தான் தரும். கூடுவது மின்னோட்டம் மட்டுமே.

அட்டவணையைப் பார்த்து அலுமினியத்தை நம்பி ஏமாறாதீர்கள். காற்றுப் பட்டதுமே அதன் மேல் கெட்டியான ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும். உப்புநீரில் செம்போடு சேர்த்தால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் கிடைக்கும். மெக்னீசியம் 1.5 வோல்ட்டுக்கு மேல் தரும். ஆனால் அமிலத்தில் நுரைத்துக்கொண்டு சீக்கிரமே கரைந்துவிடும். வீட்டில் செய்து பார்க்கத் துத்தநாகமே ஏற்றது.

ஆனோடுதான் நேர்மின்வாய் என்று படித்தோம். மின்கலத்தில் அது எதிர்க்குறியாக இருக்கிறதே?

குற்றம் உங்கள் புரிதலில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஆனோடு என்பது ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம், கேத்தோடு என்பது ஒடுக்கம் நடக்கும் இடம். மின்னாற்பகுப்பில், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும்போது, அதை மின்மூலத்தின் நேர்முனையோடு இணைப்பதால் ‘நேர்மின்வாய்’ என்ற பெயர் பொருந்துகிறது. மின்கலத்தில் ஆனோடாக இருப்பது துத்தநாகம்; அது எலக்ட்ரானை வெளியே தள்ளுவதால் எதிர்முனை ஆகிவிடுகிறது. ‘நேர்மின்வாய் எதிர்க்குறி கொண்டது’ என்று எழுதும்போது மாணவர் திணறுவது இயல்பே. ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களையே வைத்துக்கொண்டு, ‘ஆனோடில் ஆக்சிஜனேற்றம்’ என்று இரண்டு ‘ஆ’வையும் சேர்த்து நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

எலுமிச்சை மின்கலத்தைச் சரியாகச் செய்வது எப்படி?

சாறு நிறைந்த, தோல் மெல்லிய பழமாக எடுங்கள். மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் உள்ளே சுளைகள் உடைந்து சாறு கலக்கும். துத்தநாகத்துக்கு ஜி.ஐ. ஆணி போதும், அதன் மேல்பூச்சு துத்தநாகம். பூச்சு மெல்லியது என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், துணியால் துடைத்தால் போதும். பலமுறை செய்வதானால் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் துத்தநாகத் தகடு வாங்குங்கள். செம்புக்கு, வீட்டு ஒயரிங்கில் மிஞ்சும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் உறையை உரித்து, உப்புத்தாளால் ரோஜா நிறம் வரும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில், 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகுங்கள். உள்ளே ஒன்றையொன்று தொட்டால் எல்லாம் வீண். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் பகுதியில் 2 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைச் செம்பிலும் கறுப்பு முனையைத் துத்தநாகத்திலும் வையுங்கள். 0.9 வோல்ட் அளவில் காட்டும். முன்னால் கழித்தல் குறி வந்தால் முனைகள் மாறியிருக்கின்றன.

ஏன் 1.10 வரவில்லை?

பழத்தில் செம்பு அயனி இல்லை. எனவே செம்புக் கம்பியில் எலக்ட்ரானை வாங்குபவை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளும், சாற்றில் கரைந்திருக்கும் கொஞ்சம் ஆக்சிஜனும். இங்கே செம்பு கரைவதும் இல்லை, படிவதும் இல்லை. எலக்ட்ரான் கைமாறும் துறையாக மட்டும் நிற்கிறது. ‘துத்தநாகமும் செம்பும் வினைபுரிகின்றன’ என்று எலுமிச்சைக்கு எழுதுவது தவறு. இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிவதே இல்லை.

மீட்டரில் 0.9 வோல்ட் காட்டுகிறது. டார்ச் பல்பு ஏன் எரியவில்லை?

அதிகம் வரும் கேள்வி இதுதான். மீட்டர் மிக மிகக் குறைந்த மின்னோட்டத்தை மட்டுமே இழுக்கும், அதனால் முழு வோல்ட்டும் தெரிகிறது. பழைய டார்ச் பல்புக்கு 300 மில்லிஆம்பியர் வரை வேண்டும். எலுமிச்சையால் ஒரு மில்லிஆம்பியர் தரவே முடியாமல் போகலாம். சாறு வழியாக அயனிகள் மெதுவாகத்தான் நகரும்; உலோகத்தின் பரப்பும் சிறியது. இந்தத் தடைக்கு அகமின்தடை என்று பெயர்.

அதை நீங்களே அளக்கலாம். முதலில் எதையும் இணைக்காமல் வோல்ட்டை எடுங்கள். பிறகு 1,000 ஓம் மின்தடை ஒன்றைக் குறுக்கே இணைத்து மீண்டும் எடுங்கள். முதலில் 0.92, பிறகு 0.40 என்று வந்தால், குறைந்த 0.52-ஐ 0.40-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள்: 1,300 ஓம். இந்தப் பழத்திலிருந்து எப்படி இழுத்தாலும் 0.16 மில்லிவாட்டுக்கு மேல் கிடைக்காது. 5 வாட் போன் சார்ஜருக்கு ஈடுகட்ட இதுபோல 30,000 பழங்களுக்கு மேல் வேண்டும். போனுக்கு எலுமிச்சையில் சார்ஜ் ஏற்றும் காணொளிகளை இந்த ஒரு கணக்கை வைத்தே எடைபோடலாம்.

அகமின்தடையைக் குறைக்கும் வழிகள்: ஆணிக்குப் பதில் அகலமான தகடு, தகடுகளை நெருக்கமாக வைப்பது, பழத்துக்குப் பதில் 200 மில்லிலிட்டர் வினிகரில் ஒரு தேக்கரண்டி உப்பு. உருளைக்கிழங்கு என்றால் வேகவைத்துவிடுங்கள். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வேகவைத்த கிழங்கின் மின்திறன் பச்சைக் கிழங்கைவிட 10 மடங்கு வரை கூடியது. கிழங்கின் செல் சவ்வுகள் சிதைந்து அயனிகளுக்கு வழி விடுவதுதான் காரணம்.

எல்.இ.டி. எரிய எத்தனை பழம்?

சிவப்பு எல்.இ.டி.க்கு 4. இரண்டு பழத்தில் 1.8 வோல்ட் வருகிறதே என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள், இணைத்த உடனே அது இறங்கிவிடும். ஒரு பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் துத்தநாகத்தோடு இணைத்துக்கொண்டே போங்கள். கடைசியில் மிஞ்சும் செம்பு எல்.இ.டி.யின் நீளமான காலுக்கு, துத்தநாகம் குட்டையான காலுக்கு. வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். அறையை இருட்டாக்கிக் காட்டுங்கள். வெள்ளை, நீல எல்.இ.டி.க்கு 3 வோல்ட் தேவை, அவற்றைப் பழத்தில் முயலாமல் இருப்பது நல்லது.

எரியவில்லை என்றால் ஒவ்வொரு பழத்தையும் தனியாக அளந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் பூஜ்யம் என்றால் உள்ளே கம்பிகள் தொட்டிருக்கும். ஒன்று மட்டும் கழித்தலாகக் காட்டினால் தலைகீழாக இணைத்திருக்கிறீர்கள். அது மற்றொரு பழத்தின் உழைப்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எரிந்துகொண்டிருந்தது சில நிமிடங்களில் மங்குகிறதே?

செம்பை உற்றுப் பாருங்கள். மேலெல்லாம் ஊசிமுனை அளவில் குமிழிகள் ஒட்டியிருக்கும். அது ஹைட்ரஜன். குமிழி மூடிய இடத்தில் சாறு செம்பைத் தொட முடியாது; இதற்கு முனைவாக்கம் என்று பெயர். கம்பியை ஆட்டிவிட்டாலோ எடுத்துத் துடைத்துச் செருகினாலோ சற்று நேரம் பிழைக்கும். நிரந்தரத் தீர்வு, ஹைட்ரஜனே உண்டாகாதபடி செய்வது. அதைத்தான் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் வேதியியலாளர் டேனியல் 1836-இல் செய்தார்.

டேனியல் மின்கலத்தை வீட்டில் கட்ட முடியுமா?

முடியும். நல்ல விஷயம், தேவையானவை பெரும்பாலும் உரக்கடையிலும் குயவரிடமும் கிடைக்கும். மயில்துத்தம் போர்டோ கலவைக்காக விற்கப்படுகிறது. ஜிங்க் சல்பேட் நெல்வயலுக்காக. டீ குடிக்கும் மெருகு பூசாத சிறிய மண்குவளை ஒன்று, அரை லிட்டர் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் ஒன்று, செம்புத் தகடு, துத்தநாகத் தகடு.

குவளையை முதலில் சோதியுங்கள். தண்ணீர் ஊற்றினால் கால்மணி நேரத்தில் வெளிப்புறம் ஈரம் பூக்க வேண்டும், சொட்டக் கூடாது. வண்ணமோ மெருகோ பூசிய குவளை உதவாது, அயனி கடக்க வழி இருக்காது. சோதித்த குவளையை அரைமணி நேரம் உப்புநீரில் ஊறவிடுங்கள்.

50 கிராம் மயில்துத்தத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து 200 மில்லிலிட்டர் ஆக்குங்கள். இது பெரிய பாத்திரத்துக்கு. ஜிங்க் சல்பேட் பையில் 21 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் 29 கிராம், 33 சதவீதம் என்றிருந்தால் 18 கிராம் எடுத்து 100 மில்லிலிட்டராக்கி, துணியில் வடிகட்டுங்கள். இது குவளைக்கு. எடை கொஞ்சம் முன்பின் ஆனால் கவலை வேண்டாம்: ஒரு கரைசலின் செறிவு 10 மடங்கு மாறினால்கூட வோல்ட் 0.03 அளவே மாறும்.

செம்புத் தகட்டை வளைத்துப் பாத்திரத்தின் உட்சுவரை ஒட்டி நிறுத்துங்கள். நடுவில் குவளை, குவளைக்குள் துத்தநாகம். உள்ளேயும் வெளியேயும் கரைசல் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மீட்டர் 1.05 முதல் 1.10 வோல்ட் காட்ட வேண்டும்.

இங்கே செம்பில் ஹைட்ரஜன் வராது. செம்பு அயனியே எலக்ட்ரானை வாங்கித் தகட்டின் மேல் புதுச் செம்பாகப் படியும். மூடிக்கொள்ளும் குமிழி இல்லாததால் மங்கலும் இல்லை. இரண்டைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்.இ.டி. மணிக்கணக்கில் நிதானமாக எரியும், மூன்றை இணைத்தால் வெள்ளை எல்.இ.டி. எரியும்.

குவளைக்குள் துத்தநாகம் கறுத்துவிட்டது. ஏன்?

மயில்துத்தம் மண்சுவர் வழியாக உள்ளே கசிந்துவிட்டது. முதலில் டம்ளரில் பார்த்த அதே வினை இப்போது குவளைக்குள், கம்பிக்கு வேலை வைக்காமல் நடக்கிறது. தகட்டை எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கள். வேலை முடிந்ததும் குவளையை வெளியே எடுத்துத் தனியாகக் கழுவி வைப்பதே ஒரே காப்பு. இரவு முழுக்க அப்படியே விட்டால் காலையில் தகடு கறுத்துத்தான் இருக்கும்.

உப்புப் பாலம் வைத்தால் போதாதா?

வோல்ட் அளக்கப் போதும். பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாள் பட்டையை, துத்தநாகமும் செம்பும் அவரவர் கரைசலில் தனித்தனியே நிற்கும் இரண்டு டம்ளர்களுக்கும் பாலமாகப் போட்டால் 1.1 வோல்ட் வரும். விளக்கு எரிக்க அது பயன்படாது. மெல்லிய பட்டை வழியாக அயனிகள் நகரும் வழி குறுகலாக இருப்பதால் அகமின்தடை எகிறிவிடும். பட்டை காய்ந்தாலோ ஒரு டம்ளரைத் தொடாமல் நின்றாலோ மீட்டர் அலைபாயும்.

பாலமே இல்லாமல் விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு டம்ளரில் துத்தநாக அயனி சேர்ந்து நேர்மின்னூட்டம் மிகும், மற்றதில் சல்பேட் மிஞ்சி எதிர்மின்னூட்டம் மிகும். கண்ணுக்குத் தெரியாத அளவு கரைந்த உடனேயே வினை நின்றுவிடும்.

எவ்வளவு நேரம் உழைக்கும்?

துல்லியமாகக் கணக்கிடலாம். ஒரு கிராம் துத்தநாகம் முழுவதும் பயன்பட்டால் 820 மில்லிஆம்பியர்-மணி. 10 மில்லிஆம்பியர் வீதம் 10 மணி நேரம் ஓடினால் 0.12 கிராம் துத்தநாகம் கரையும். செம்புத் தகட்டில் ஏறக்குறைய அதே எடை ஏறும். நகைக்கடைத் தராசு போன்ற 0.01 கிராம் தராசு இருந்தால், தகடுகளைக் கழுவி உலர்த்தி முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். இந்த ஒரு நிறுவை, பக்கம் பக்கமான விளக்கத்தைவிட அதிகம் புரியவைக்கும்.

எதையும் இணைக்காதபோதும் வினிகருக்குள் துத்தநாகத்தில் குமிழி வருகிறதே?

கடைத் துத்தநாகத்தில் இரும்பு, ஈயம் போன்ற மாசுகள் இருக்கும். ஒவ்வொரு மாசுத் துகளும் சுற்றியுள்ள துத்தநாகத்தோடு சேர்ந்து குட்டி மின்கலமாகி உலோகத்தைத் தின்னும். இதை உள்ளிட நிகழ்வு என்பார்கள். அதனால் பயன்படுத்தாத நேரத்தில் தகட்டை வெளியே எடுத்துவிடுங்கள். சாதாரண பென்சில் செல்லின் உள்ளுறையும் துத்தநாகம்தான். தீர்ந்த செல்லைக் கடிகாரத்திலேயே விட்டால் உறை ஓட்டையாகிக் கசிவதற்குக் காரணம், உறையே எரிபொருள் என்பதுதான்.

நாணயங்களை அடுக்கி வோல்ட்டா அடுக்கு செய்யலாமா?

நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு. செம்பின் இடத்தில் அவை சரிவராது. செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். செம்பு, நனைந்த அட்டை, துத்தநாகம், மறுபடி செம்பு என்ற வரிசை ஓரிடத்திலும் மாறக் கூடாது. அட்டையைப் பிழிந்துவிட்டு வையுங்கள். உப்புநீர் பக்கவாட்டில் வழிந்தால் எல்லா அடுக்கும் குறுக்கே இணைந்து வோல்ட் விழுந்துவிடும்.

இதே வினை வீட்டில் வேறெங்காவது நடக்கிறதா?

ஜி.ஐ. குழாயில் பித்தளைக் குழாயடி மாட்டிய இணைப்பைப் பாருங்கள். முதலில் துருப்பிடிப்பது அந்த மரைதான். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர்: உங்கள் விருப்பம் கேட்காமல் கட்டப்பட்ட மின்கலம். போர்வெல் தண்ணீரில் உப்பு கூடக் கூட வேகமும் கூடும். ஒரே இரும்பிலும் ஆக்சிஜன் அதிகம் படும் இடமும் குறைவாகப் படும் இடமும் இரு முனைகளாகிவிடும். உப்புக்காற்றுக் கரைகளில் இரும்பு உளுத்துப்போவது இப்படித்தான். வள்ளல் அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடல்சார் அரிப்பை ஆராயவே ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. படகின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டியைப் பொருத்துவதும் இந்த அறிவால்தான்: இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையட்டும் என்று.

முடிந்த பிறகு என்ன செய்வது?

செருகிய பழத்தையும் கிழங்கையும் சாப்பிடக் கூடாது, அவற்றில் துத்தநாகம் கரைந்திருக்கிறது. மண்குவளையை மறுபடி குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். மயில்துத்தம் விஷம், கையுறை போடுங்கள், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். அலுமினியம், இரும்புப் பாத்திரங்களிலும் வேண்டாம், பாத்திரம் ஓட்டையாகும். அல்கலைன் செல்லையோ லித்தியம் செல்லையோ துத்தநாகத்துக்காக உடைக்காதீர்கள்.

மீந்த நீலக் கரைசல் மீன்களைக் கொல்லும், ஆகவே குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பெயர் எழுதி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், சலவைச் சோடாவைக் கரைத்து, நுரை அடங்க அடங்கச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நீலப்பச்சைக் கசடாகச் செம்பு அடியில் இறங்கும். மேல்தண்ணீர் நிறமற்றுத் தெளியும் வரை விட்டு வடிகட்டி, கசடை உலர்த்திப் பொதிந்து, பிள்ளைகள் கைபடாமல் அபாயக் கழிவுகளோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.